ஊசிக்குப் பயந்தவனின் ஆராய்ச்சி

நிப்பட்டு தட்டும் வேலையிலிருந்து வீட்டில் என்னை நீக்கிவிட்டார்கள். நிப்பட்டுக்குப் பேர்போன காவேரிப்பட்டினத்தில் இது லேசான அவமானமில்லை. வலது மோதிர விரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கிவிட்டதால், நான் தட்டியதிலெல்லாம் ஒரு குழி. "ஏங்க, நீங்க எண்ணெய்ச் சட்டியையாவது பாத்துக்குங்க" என்றாள் மனைவி.

எனக்குச் சர்க்கரை உண்டு. ஓசூரில் வருஷக்கணக்காகக் கிரைண்டர் பிடித்த கையும் உண்டு. விரலை மடக்கும் இந்த நோய்க்கு இரண்டையுமே விசாரிப்பார்களாம். உள்ளங்கைத் தோலுக்கடியில் இருக்கும் சவ்வு தடித்து, கயிறாகி, விரலை இழுக்கிறது. 1831-ல் பாரிஸில் இதற்கு அறுவை செய்த டூப்யூட்ரன் பெயரில்தான் நோயை அழைக்கிறார்கள். விளக்கெண்ணெய் போட்டு உருவினேன். ஸ்கேலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டினேன். கயிறு அசையவில்லை. முகம் கழுவும்போது விரல் கண்ணைக் குத்தியது.

கையை மேசைமேல் கவிழ்த்தால் படிய வேண்டும், இல்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. மேசையில் படியவில்லை. மெத்தையில் வைத்துப் பார்த்தேன், அருமையாகப் படிந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு மாம்பழ சீசன் போயிற்று.

பிறகு ஆராய்ச்சி. கயிற்றைக் கரைக்கும் கொலாஜனேஸ் ஊசிக்கு அமெரிக்கா 2010-ல் அனுமதி கொடுத்தது. ஐரோப்பாவில் 2020-ல் கம்பெனியே விற்பனையை நிறுத்திக்கொண்டது. வெறும் ஊசிமுனையால் கயிற்றை அங்கங்கே நறுக்கும் முறையில் தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். ஆனால் 2012-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில், ஐந்தாண்டுக்குள் அப்படிச் செய்துகொண்டவர்களில் 85 சதவீதம் பேருக்கு மறுபடி மடங்கியிருந்தது. அறுவையில் கயிற்றை வெட்டி எடுத்துக்கொண்டவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான். இந்த 85-ஐப் பிடித்துக்கொண்டு டீக்கடையில் நான் ஆற்றிய உரைகள் கொஞ்சநஞ்சமல்ல. உண்மையில் எனக்கு ஊசி என்றாலே பயம்.

டாக்டரிடமும் 85-ஐச் சொன்னேன். "மறுபடி மடங்கினா மறுபடி ஊசியால நறுக்கிக்கலாம் சார். உங்களுக்கு அடி மூட்டுதான் மடங்கியிருக்கு, நல்லா நிமிரும். நடு மூட்டுன்னா யோசிக்கணும்" என்றார். என் ஆராய்ச்சியில் மூட்டு என்ற பேச்சே வந்திருக்கவில்லை.

ஊசிமுனையால் நறுக்குவதென்றே முடிவானது. தோலை மட்டும் மரக்க வைத்தார். நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால், விரல் நுனியில் கரண்ட் அடித்தால் சொல்லச் சொன்னார். ஊசி தொடுமுன்பே "கரண்ட்!" என்றேன். நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரித்தார். கடைசியில் விரலை நிமிர்த்தி இழுத்தபோது கயிறு 'டப்'பென்று அறுந்தது. கத்தியது நான், வலித்ததா என்றால் இல்லை.

ராத்திரி மட்டும் ஸ்பிளின்ட் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான் அதைப் பகலில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறேன். ராத்திரி, தூக்கம் வரவில்லை என்று கழற்றி வைத்துவிடுகிறேன்.