மகாராணி கட்டாத பாலம்

கோலகங்சாருக்குப் பக்கத்தில், காராய் என்ற சிற்றூரில், பேராக் ஆற்றின் குறுக்கே நிற்கிறது விக்டோரியா ரயில் பாலம். விக்டோரியா மகாராணி அதில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. மலாயாப் பக்கம் தலைவைத்துப் படுத்ததும் இல்லை. ஆனாலும் பேர் அவருக்குத்தான். ரப்பர் பால் வெட்டுகிறவர் தோட்டத்தில், தோட்டத்துக்குச் சொந்தக்காரர் லண்டனில் என்று வாழ்ந்த ஜனங்களுக்கு இதெல்லாம் ஓர் ஆச்சரியமா?

1897 டிசம்பரில் வேலை தொடங்கி, 1900 மார்ச்சில் முடிந்தது. பேராக் சுல்தான் இட்ரிஸ் திறந்து வைத்தார். எதற்கு இத்தனை வேகம்? மக்கள் மாமியார் வீட்டுக்குப் போய்வர அல்ல. ஈயம் போக. நாட்டின் முதல் ரயில் பாதையே 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஈயத்துக்காகப் போட்டதுதான்; போட்ட ஆட்கள் இலங்கையிலிருந்து வந்தார்கள். அப்புறம் ரயில்வே முழுக்க நம்மவர்கள். மேசையில் யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர், வெயிலில் தமிழ்நாட்டுக் கூலி. பேசிய தமிழ் ஒன்று. வாங்கிய சம்பளம்தான் ஒட்டவில்லை.

இந்த ரயிலுக்குப் பயப்படாத பேராக்வாசி ஒரு யானை. 1894 செப்டம்பர் 17ஆம் தேதி, தெலுக் ஆன்சன் அருகே, ஓடிவந்த ரயிலை முட்டித் தடம்புரள வைத்துவிட்டுச் செத்துப் போனது. தன் கூட்டத்தைக் காக்க மோதிய வீர யானை என்று துரைமார் பலகை எழுதி வைத்தார்கள். தண்டவாளம் போடப்போய்க் காய்ச்சலில் செத்தவர்களுக்குப் பலகை? அதற்கெல்லாம் யானையாகப் பிறந்திருக்க வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் சைக்கிள் மிதித்து வந்தான். பின்வாங்கிய துரைமார், கோலகங்சாரில் தாங்களே கட்டிய இஸ்கந்தர் சாலைப் பாலத்துக்குத் தாங்களே வெடி வைத்தார்கள். பால் வாளி ஒன்று தொலைந்தால் சம்பளத்தை வெட்டுகிற கூட்டம் இது.

2002இல் பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்ததும் விக்டோரியாவுக்கு ஓய்வு. இப்போது பழைய பாலத்தில் கல்யாண ஜோடிகள் படம் எடுக்க, புதிய பாலத்தில் சரக்கு ரயில் தடதடவென்று போகிறது. ஈயக் காலம் முடிந்தது. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. பெட்டி பெட்டியாகப் போகும் கண்டெய்னரில் என்னதான் இருக்கும் என்று கரையில் நின்று ஒருவர் கேட்பார். சிமெண்ட் என்பார் இன்னொருவர். தோட்டத்திலேயே நரைத்த பெரியவர் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்: “என்னவா இருந்தா என்னடா, நம்ம ஊர்லயா எறக்கப் போறான்?”