நாலு மாடி, ஒரு மூடி

தீபாவளித் துணி எடுக்க உஸ்மான் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். ஆண்களுக்கு ஒரு தளம். அதிலும் பாதியைச் சூட்கேஸ் பிடித்துக்கொண்டிருந்தது. பெண்களுக்கு நாலு மாடி. லிஃப்ட்டில் ஒரு பெரியவர், "எல்லாம் லேடீஸ் ராஜ்யம் சார்" என்று என் வீட்டுக்காரரிடம் பெருமூச்சு விட்டார்.

அந்த ராஜ்யத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பாக்கெட் வைத்த குர்தி.

விற்பனைப் பெண் ஐம்பது குர்தியாவது பிரித்துப் போட்டிருப்பாள். அனார்கலி, ஏ-லைன், நைரா கட். கண்ணாடி வேலை, ஜரிகை, கழுத்தில் குஞ்சம், குஞ்சத்தின் நுனியில் மணி. மணி கட்ட இடமிருந்தது, கை நுழைக்க இடமில்லை. கடைசியாக ஒன்றில், இடுப்போரமாக மூடியும் பொத்தானும் வைத்து அம்சமான பாக்கெட்! ஆசையாக விரலை விட்டேன். நகம் மடங்கியது. மூடிதான் உண்டு, உள்ளே பை கிடையாது. சினிமாவுக்கு வீட்டின் முகப்பை மட்டும் கட்டி நிறுத்துவார்களே, அந்த ஜாதி.

"பாக்கெட் வெச்சா இடுப்பு பெருசா தெரியும்க்கா" என்றாள் தயக்கமாக. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

மாடி சூப்பர்வைசர் வந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா, பேண்டின் ஒரு பக்கம் போன், மறுபக்கம் ஏதோ புடைப்பு, பின்னால் பர்ஸ். அவருடைய இடுப்பின் அளவைப் பற்றி நிர்வாகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "அதுக்குத்தான் மேடம், தேர்ட் ஃப்ளோர்ல ஹேண்ட்பேக் செக்‌ஷன் வெச்சிருக்கோம்."

அடடா! குடத்தை ஓட்டையோடு விற்றுவிட்டு, அடைக்க மேல்மாடிக்குப் போகச் சொல்லும் வியாபாரம் வேறு எங்கே நடக்கும்?

கீழே ஆண்கள் தளத்தில் வேட்டி விற்றுக்கொண்டிருந்தது. ஒற்றைத் துணி. காலங்காலமாகப் பை இல்லாமல்தான் மானத்தைக் காத்தது. அதற்கு இப்போது வெல்க்ரோ ஒட்டி, செல்போன் வைக்கப் பாக்கெட்டும் தைத்திருக்கிறார்கள். வேட்டிக்கே பாக்கெட் முளைத்துவிட்டது ஐயா! பக்கத்திலேயே கட்சிக்காரர்களுக்கான வெள்ளைச் சட்டை. பையில் இருக்கும் தலைவர் படம் ஊருக்குத் தெரிகிற அளவுக்கு மெல்லிய துணி. பெண் கவுன்சிலர் தன் விசுவாசத்தை எங்கே வைப்பார்? முந்தானையில் முடிந்துகொள்ளட்டும்.

2018ல் 'தி புட்டிங்' என்ற அமெரிக்க இணைய இதழ் 20 பிராண்டுகளின் ஜீன்ஸ் பாக்கெட்டுகளை அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பாக்கெட், ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. கொடுத்துவைத்தவள் அமெரிக்காக்காரி. அவளுக்குப் பாதியாவது மிஞ்சியது.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் பாட்டியின் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. வெற்றிலை, பாக்கு, சில்லறை, பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய். கை இரண்டையும் வீசி நடந்தாள். பட்டம் வாங்கிய நான் போனைக் கையில் பிடித்து, மெட்ரோ கார்டைப் போன் உறையில் செருகி, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மூன்றாவது கையைத் தேடுகிறேன். அவசரத்துக்கு நாலு ஊக்கு மாட்டிக்கொள்ளத் தாலிக்கொடி இருக்கிறது. எனக்கு வாய்த்த பாக்கெட் அது.

தைக்க ஆளில்லையா? திருப்பூரில் ஆண்களின் டிராக் பேண்டுக்கு நாளெல்லாம் பாக்கெட் வைத்துத் தைத்துத் தள்ளுவது யார் கைகள்? பெண்கள் கைகள்தானே! துணி விலையா? இரண்டு சாண் துணியை மிச்சம் பிடித்த மகராசன்தான் குஞ்சத்துக்கு மணி கட்டியிருக்கிறான். குர்தியை எடுத்துப்போய்த் தையல்காரரிடம் பாக்கெட் வைக்கச் சொன்னால் அதற்குத் தனிக் கூலி. சேலையென்றால் ஃபால்ஸுக்குக் கூலி, ஓரம் அடிக்கக் கூலி, ஜாக்கெட்டுக்கு லைனிங்கோடு கூலி. நாங்கள் வாங்குவது உடுப்பா, முன்பணம் கட்டிய மூலப்பொருளா?

கடைப் பெண்கள் உட்கார இருக்கை போடச் சொல்லவே 2021ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பாக்கெட்டுக்கு ஐக்கிய நாடுகள் சபை கூட வேண்டுமோ என்னவோ.

மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மூடி வைத்ததுதான். இருந்ததில் அதுதான் யோக்கியமாகப் பொய் சொன்னது. அதற்குள் அந்தப் பெண்ணுக்குச் சாப்பாட்டு நேரம். யூனிஃபார்ம் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு சூப்பர்வைசரிடம் போய்க் கையை நீட்டினாள்.

"அண்ணா, என் லாக்கர் சாவி."

அவர் பேண்டுக்குள் துழாவினார். ஏழெட்டுச் சாவி வந்தது.

"இதுல உன்னுது எதும்மா?"