பொய் சொல்ல விடாத பொட்டு

வங்காள ரசகுல்லாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த நாள் 2017 நவம்பர் 14. உலக நீரிழிவு தினமும் அன்றைக்குத்தான். கொல்கத்தாவாசிகள் இதற்காகக் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த ஊரில், ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வெகுகாலமாகக் குடியிருக்கும் தமிழ் மாமா ஒருவருக்குச் சர்க்கரை. மிட்டாய்க் கடையைக் கடக்காமல் கத்தரிக்காய் வாங்கப் போக முடியாது என்பது அவர் வாதம். மாமிக்கு வேறு வழி தெரியும்.

ஆதியில் இந்த நோயைக் காட்டிக்கொடுத்தவை எறும்புகள். சிறுநீரை எறும்பு மொய்த்தால் மதுமேகம் என்று நம் பழைய வைத்தியர்கள் கண்டுகொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் எறும்பை எதிர்பார்க்காமல் தானே ருசி பார்த்தார். அவர் எவ்வளவு ஃபீஸ் வாங்கியிருந்தாலும் தகும்.

மாமாவின் அப்பா காலத்தில் பெனடிக்ட் கரைசல். சோதனைக் குழாயில் 5 மில்லி நீலக் கரைசல், 8 சொட்டு சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. நீலமாகவே நின்றால் பாயசம் உண்டு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால் வீட்டில் விசாரணைக் கமிஷன். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் தலைகாட்டும். அதுவும் சில மணி நேரம் முந்தைய செய்தி. பொய்க்குத் தாராளமாக இடமிருந்தது.

1970 வாக்கில் அமெரிக்காவின் ஏம்ஸ் கம்பெனி ரத்தச் சர்க்கரை மீட்டரைக் கொண்டுவந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல். விற்பனை டாக்டர்களுக்கு மட்டும். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற நீரிழிவுக்கார எஞ்சினியர், மனைவி டாக்டராக இருந்ததால் அவர் பெயரில் ஒன்றை வாங்கினார். வீட்டிலேயே அளந்து சர்க்கரையை அடக்கிய அவர் சொன்னதை மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிதர் 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். மனைவி பெயரில் வாங்கிய எந்தச் சொத்தும் இவ்வளவு பலன் தந்திருக்காது.

மீட்டர் சுருங்கிச் சட்டைப்பைக்குள் வந்த பிறகும் மாமாக்கள் அசரவில்லை. லேபுக்குப் போகுமுன் இரண்டு நாள் பாகற்காய். ரிசல்ட் வந்த மாலையே சந்தேஷ். அந்தத் தந்திரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை வைத்து, கடந்த இரண்டு மூன்று மாத வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடும்.

இப்போது மாமாவின் கையில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு மாதிரி ஒரு சென்சார், 14 நாளுக்கு. பெங்களூரில் இருக்கும் மகள் தன் போனில் சர்க்கரை ஏறி இறங்கும் கோட்டைப் பார்க்கிறாள். நள்ளிரவில் கோடு மலையேறினால் உடனே அழைப்பு.

"அப்பா, என்ன சாப்பிட்டீங்க?"

"மாத்திரைக்குத் தண்ணி குடிச்சேம்மா."

"தண்ணி 240க்கு ஏத்துமா?"

மாமாவுக்கு ஒரே ஆறுதல், சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை. அது ரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். ஒரு ரசகுல்லாவுக்கு அந்த அவகாசம் போதும் என்கிறார்.

இன்சுலின் போடுபவர்கள் அந்த அவகாசத்தை நம்பக் கூடாது. சர்க்கரை சரசரவென்று இறங்கும்போதும் எண் தாமதமாகத்தான் வரும். வேர்த்துக் கை நடுங்கும்போது பொட்டு மட்டும் எல்லாம் சரி என்று சொன்னால், விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள்.