அறுநூறு ரூபாய்த் தவம்

வேலையற்ற இளைஞர்களுக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகையைக் குறை சொல்பவர்கள் நன்றிகெட்டவர்கள். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்! ஒரு நாளைக்கு 20. டீ குடிக்கலாம், வடை வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்கலாம். பத்தாவதில் தேறியவருக்கு 300, தேறாதவருக்கு 200. சும்மா இருப்பதிலும் தரம் பிரிக்கத் தெரிந்த அரசு.

அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். நாலு நாள் சும்மா இருக்க யாராலும் முடியும். ஐந்தாண்டு தாக்குப்பிடிக்கத் தனித் திறமை வேண்டாமா? குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆகவே அப்பாவுக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது பிள்ளையின் பொறுப்பு.

பணம் வரத் தொடங்கியபின் ஆண்டுதோறும் சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும்: இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று, கையெழுத்தோடு. மூன்றாண்டு முடிந்ததும் தொகை நின்றுவிடும். மொத்தம் எட்டாண்டு அனுபவம் பெற்றவருக்கு இனி உதவி எதற்கு?

பி.இ. முடித்த தம்பிகள் மட்டும் வரிசையில் நிற்க வேண்டாம். தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது.