சிறு பாட்டுப்பெட்டி இயல்: மூலமும் உரையும்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட பாட்டுப்பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறைமையும், அதனோடு குடித்தனம் நடத்தும் முறைமையும் உணர்த்துதல் நுதலிற்று. பெட்டியாவது, பென் டிரைவும் மெமரி கார்டும் செருகப்படுவது, எஃப்எம் பாடுவது, புளூடூத்தும் உண்டு என்று அட்டையில் அச்சிடப்பெற்றது, கைப்பிடியோ தோள்வாரோ உடையது. டீக்கடை, சலூன், கட்டட வேலை நடக்கும் மொட்டைமாடி, பாட்டியின் கட்டில் தலைமாடு ஆகிய நிலங்களில் வழங்குவது.

கைப்பேசியும் பாடுமே, அதனை விடுத்தது என்னை எனின், அது பாட்டின் நடுவே ‘கடன் வேண்டுமா’ என்று கேட்கும். மருமகன் அழைத்தால் பல்லவியோடு நிறுத்திவிடும். பாடுவதன்றிப் பிற தொழிலும் உடைய எதற்கும் இவ்வியலில் இடமில்லை.

இனி மூலம்:

விலைகுறை பெட்டி விடியல் தொடங்கி
இடையறா தொலிக்கும், விலைமிகு பெட்டி
உறையுள் உறங்கும் என்மனார் புலவர்.

இதன் பொருள் வெளிப்படை. வரலாறு: மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர் ஷோகேஸின் மேல்தட்டில், பேரன் கைக்கு எட்டாத உயரத்தில், பூவேலை செய்த துணிக்குள் இருக்கும். பொங்கல் பொருட்காட்சியில் பேரம் பேசி வாங்கிய பெட்டியோ துவைகல்லின் மேல் சோப்பு நுரையோடு பாடிக்கொண்டிருக்கும். முன்னதற்குக் காவல் உண்டு, பின்னதற்கு இல்லை. காவல் இல்லாததால்தான் அது வயலுக்கும் போகிறது, டிராக்டர் கண்ணாடியிலும் தொங்குகிறது. ஆகவே தேர்ந்தெடுப்போர் முதலில் கேட்க வேண்டியது ‘நன்றாகப் பாடுமா’ என்பதன்று. ‘தொலைந்தால் அழுவோமா’ என்பதே. அழுவோம் என்று தோன்றினால் விலை கூடிவிட்டது என்று அறிக.

குலமுறை கிளத்துதல் ஆய்வு மரபு ஆதலின் அதனையும் சுருங்கச் சொல்லுவாம். 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1 என்னும் சட்டைப்பை வானொலியில் டிரான்சிஸ்டர்கள் நான்கு, விலை 49.95 டாலர். 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனியின் வாக்மேன் 33,000 யென்னுக்கு வந்தது. அதில் இயர்போன் செருக இரண்டு துளைகள். தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று சோனியின் அகியோ மொரிட்டா கருதியதால் வந்தது அந்த இரண்டாம் துளை. இருவரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேசிக்கொள்ள வேண்டுமானால் பாட்டைத் தாழ்த்தும் ஆரஞ்சுப் பொத்தானும் இருந்தது. பின்வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் போயிற்று. மொரிட்டாவின் கவலையை நம் பெட்டி துளையே இல்லாமல் தீர்த்துவைத்தது. ஒருவர் போட்ட பாட்டைத் தெருவே கேட்கிறது, மரியாதை பூரணம்.

1998இல் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற எம்பி3 கருவியை வெளியிட்டது. கொள்ளளவு 32 எம்பி. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 1 எம்பி ஆகும் என்பதால், அதில் அடங்கியது அரைமணி நேரம், அதாவது ஒரு தமிழ்ப் படத்தின் பாட்டுகள் மட்டும். 2001இல் ஆப்பிளின் ஐபாட் 399 டாலருக்கு ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப்பையில் வைத்தது. 2022இல் அதன் கடைசி மாதிரியும் நிறுத்தப்பட்டது. நம் பெட்டிக்கு யாரும் அறிமுக விழா நடத்தவில்லை, ஆதலின் நிறுத்துவாரும் இல்லை. 2017இல் சரிகம நிறுவனம் பாட்டுகளை உள்ளேயே ஏற்றிக் கொண்டுவந்த கார்வான், விலையால் நம் எல்லைக்கு அப்பாற்பட்டது, புறனடையாகக் கொள்க.

அடுத்து, கடையில் சோதிக்கும் முறை. ரிச்சி தெருவாயினும் பர்மா பஜாராயினும் கடைக்காரர் தம்முடைய பென் டிரைவைச் செருகி, அதிர அதிர ஒரு பாட்டைப் போடுவார். அது பெட்டிக்கென்றே பொறுக்கி எடுத்த பாட்டு. அதனால் அறியத்தக்கது யாதும் இல்லை. நாம் கொண்டுபோக வேண்டியது ஒரு நாதஸ்வரக் கச்சேரி. சிறு ஸ்பீக்கரால் மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்ப இயலாது ஆதலின், தவிலின் வலந்தலை கணீரென்று கேட்கும், தொப்பி என்னும் இடந்தலை காணாமற்போகும். தொப்பி கொஞ்சமேனும் கேட்டால் வாங்கலாம். அஃதேல், டி.எம்.எஸ். குரலும் தாழ்ந்ததுதானே, அது மட்டும் எப்படிக் கேட்கிறது எனின், அடிச்சுருதி பெட்டியில் மங்கிப்போனாலும் அதன் மேலெழும் துணைச்சுரங்கள் வருகின்றன; அவற்றைக் கொண்டு மூளை அடிச்சுருதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆக, பெட்டி பாதி பாடுகிறது. மீதியைப் பாடுவது நம் மண்டை. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அட்டையில் நூற்றுக்கணக்கில் வாட் என்று அச்சிட்டிருக்கும். பக்கத்தில் பிஎம்பிஓ என்று நான்கு எழுத்து பொடியாக நிற்கும். சார்ஜர் வழியாக உள்ளே போவது 5 வோல்ட், 1 ஆம்பியர்; ஆகப் பெருக்கினால் 5 வாட். எஞ்சியவை எங்கிருந்து வருகின்றன எனின், அட்டையிலிருந்து. அதனால்தான் சிலர் அட்டையைத் தூக்கி எறியாமல் பரணில் வைத்திருக்கிறார்கள் போலும்.

வாட்டைவிடப் பேட்டரியே பெரிது. பெட்டியின் முதுகைத் திறந்து பார்க்க அனுமதி கேட்க வேண்டும். உள்ளே பிஎல்-5சி இருந்தால் வேறு எதையும் பாராமல் வாங்குக. 3.7 வோல்ட், ஆயிரத்துச் சொச்சம் மில்லி ஆம்பியர்-மணி கொண்ட இந்தச் சிறு செவ்வகம் நோக்கியா 1100 முதலிய கைப்பேசிகளுக்காகப் பிறந்தது. 2007இல் சில பேட்டரிகள் சூடேறுகின்றன என்று நோக்கியாவே 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சிகளைப் பற்றி எச்சரிக்கை விட்டு, மாற்றித் தருவதாக அறிவித்தபோது, ஊரெங்கும் மக்கள் போனைக் கழற்றிப் பேட்டரியின் எண்ணைப் படித்தார்கள். அந்தப் போன்கள் போய்விட்டன. பேட்டரி மட்டும் பாட்டுப்பெட்டிக்குள் மறுபிறவி எடுத்து வாழ்கிறது. எந்தச் செல்போன் கடையிலும் கிடைக்கும். பேட்டரியை உள்ளேயே பற்றவைத்து மூடிய பெட்டியோ, பேட்டரி போனால் தானும் உடன்கட்டை ஏறும்.

பயன்படுத்தும் முறையில் அறிஞரும் இடறும் இடம் பொத்தான். பெரும்பாலான பெட்டிகளில் ‘அடுத்த பாட்டு’க்கும் ‘சத்தம் கூட்டு’க்கும் பொத்தான் ஒன்றே. குறிலாக அழுத்தினால் அடுத்த பாட்டு. நெடிலாக அழுத்தினால் சத்தம். கண்ணிமைப் பொழுதே மாத்திரை என்று எழுத்திலக்கணம் வகுத்தோர் இந்நாளில் இருந்திருந்தால், பொத்தானுக்கும் ஒரு நூற்பா செய்திருப்பர். சத்தம் கூட்ட விரும்பி ஒரு மாத்திரையிலேயே விரலை எடுத்த பெரியவர்கள் பாதிப் பாட்டை இழக்கிறார்கள். ‘மோட்’ என்னும் பொத்தானைத் தொட்டாலோ ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்துவிட்டு மறைகிறது. “ஏன் தம்பி, இந்தப் பொம்பளை வந்து சொன்னாத்தான் பாட்டு வருமா?” என்று ஒரு பாட்டி கேட்டார். ஆம் என்பதே அறிவியலுக்கு ஒத்த விடை.

எஃப்எம் பற்றி ஒரு வார்த்தை. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கு நீளம் 75 செ.மீ.; பெட்டியின் ஆன்டெனா அதில் பாதி இருந்தால் அதிகம். குறையை வீட்டிலேயே இளையவர் தம் விரலால் தொட்டு நின்று நிறைவுசெய்வார்.

இனி வருவது இவ்வியலின் இதயம்: பாட்டுகளின் வரிசை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் வேறு அமைப்பில் வருவதால் பல பெட்டிகள் அவற்றைத் திரும்பியும் பாரா. 32 ஜிபியே போதும். அதிலேயே 128 கேபிபிஎஸ் பாட்டுகளை நிரப்பினால், இரவுபகல் ஓயாமல் ஓடியும் முடிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஆனால் எந்த வீடும் அவ்வளவும் கேட்டதில்லை. காரணம், பெட்டிக்கு அகரவரிசை தெரியாது. ஏற்றிய வரிசையே அதற்கு வேதம். சிறு திரையில் எண் மட்டுமே தெரியும். “நூத்திப் பன்னெண்டைப் போடு” என்பதே விருப்பப் பாடலைக் கேட்கும் முறை. நடுவில் ஒன்றை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினால், புதியது பெரும்பாலும் கடைசியில் போய் நிற்காது. பேருந்தில் ஒருவர் எழுந்த இருக்கையில் அடுத்தவர் அமர்வதுபோல் காலியிடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு அம்மன் பாட்டுகளுக்கு நடுவே ஒரு சாராயக்கடைப் பாட்டு வருவதன் தத்துவம் இதுவே; யாரையும் நோவதற்கில்லை.

அதனினும் கொடிது, பல பெட்டிகளுக்கு நினைவாற்றல் இல்லாமை. அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்காது, மீண்டும் முதற்பாட்டு. பேட்டரி தளர்ந்து அடிக்கடி அணையும் பெட்டியில் முதல் நாற்பது பாட்டுகள் மனப்பாடம் ஆகும். எண்ணாயிரமாவது பாட்டை ஏற்றியவரே கேட்டிருக்க மாட்டார். ஆகவே தேர்ந்தெடுப்போர் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் கவனத்தில் பாதியையாவது முதற்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும். கார்டை நிரப்பித் தரும் செல்போன் கடைக்காரர் எதை முதலில் இழுத்துப் போட்டாரோ, அதுவே அவ்வீட்டுக் கடவுள் வாழ்த்தாக நிலைபெறும்.

எங்கள் தெருவில் ஒரு தையற்கடை. உரிமையாளர் திருநீறு பூசாமல் கத்தரிக்கோலைத் தொடாதவர். அவர் பெட்டியின் முதற்பாட்டு ஒரு குத்துப்பாட்டு. காலையில் பெட்டியை முடுக்கிவிட்டு, அது தீரும்வரை வாசலில் நின்று தண்ணீர் தெளிப்பார். அடுத்து வரும் முருகன் பாட்டுக்கு உள்ளே போய் ஊதுபத்தி கொளுத்துவார். இவ்வாய்வாளர் மேற்சொன்ன காலியிடக் கோட்பாட்டை அவருக்கு விளக்கி, அந்த ஒரு பாட்டை மட்டும் அழித்துப் பிள்ளையார் பாட்டு ஒன்றை ஏற்றினால் அது முதலிடத்தில் போய் அமரும் என்றும், தாமே செய்து தருவதாகவும் கூறினார்.

“வேணாம் சார். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் கடை தெறந்தாச்சுன்னு சனம் வருது. பிள்ளையார் பாட்டுப் போட்டா கோயில்னு நெனச்சுப் போயிடும்.”