தனிநபர் இணையதளம்: எழுத்து, சொல், பொருள், புதுப்பிப்புக் கட்டணம்

தனக்கென ஓர் இணையதளம் அமைக்கப் புகுவோர் முதலில் செய்வது யாது என்னும் வினாவில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. நிறம் தேர்ந்தெடுக்கிறார்கள். எழுத ஒரு வரிகூடக் கைவசம் இல்லாத நிலையிலேயே, தலைப்புப் பட்டை இளநீலமா கரும்பச்சையா என்று வாரக்கணக்கில் ஆராய்கிறார்கள். பிறகு எழுத்துரு. பிறகு தம் புகைப்படம். அது ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்ததாகவே இருக்கும், பக்கத்தில் நின்ற மைத்துனரின் தோள் மட்டும் வெட்டுப்படாமல் மீந்திருக்கும். அதன்பின் முதல் பக்கம் ஏறும். 'இனி இங்கே தொடர்ந்து எழுதுவேன்' என்று அதில் ஓர் உறுதிமொழி காணப்படும். இரண்டாம் பக்கம் ஏறாது. ஏன் ஏறாது என்பதே இவ்வாய்வின் பொருள். வசதி கருதி இதை 'இரண்டாம் பக்கச் சிக்கல்' என வழங்குவோம்.

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுப்பது நம் மரபு. இணையத்துக்கும் அது பொருந்தும். முதல்நூல், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஆக்கியது. 1991 ஆகஸ்டில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதில் நிறமில்லை, படமில்லை. வெறும் எழுத்தும் இணைப்பும்தான். ஆனால் அதற்கு இரண்டாம் பக்கம் இருந்தது என்பதை ஆய்வாளர் கவனிக்க. வழிநூல், 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ். சாமானியர்க்கும் இலவசமாகப் பக்கம் கொடுத்த புண்ணியம் அதற்குண்டு. அக்காலப் பக்கங்களில் 'வேலை நடக்கிறது' என்று ஒரு படம் இருக்கும். ஓர் ஆள் மண்வெட்டியால் ஓயாமல் மண் அள்ளிக்கொண்டிருப்பார். 2009 அக்டோபரில் அந்தத் தளம் கடையைக் கட்டியபோதும் அவர் அள்ளி முடித்திருக்கவில்லை. சார்புநூல், 2003இல் வந்த வேர்ட்பிரஸ். நிறுவிய உடனே 'ஹலோ வேர்ல்ட்' என்றொரு மாதிரிப் பதிவை அதுவே போட்டுவிடும். இதனால் முதல் பக்கத்தையும் எழுத வேண்டிய தேவை நீங்கிற்று.

இனிக் கள ஆய்வு. தரவாளர் புதுக்கோட்டைப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சுற்றுவட்டாரக் கண்மாய்களின் பெயர், எத்தனை மடை, கலுங்கு எந்தப் பக்கம், யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதையெல்லாம் நீள நோட்டில் எழுதி வைத்திருப்பவர். துணைத் தரவாளர் அவர் தங்கை மகன். பெங்களூரில் வேலை, பொங்கலுக்கு ஊர் வந்தவர். "இதையெல்லாம் நெட்ல போடுங்க மாமா" என்று வாய்தவறிச் சொன்ன குற்றத்துக்காக விடுமுறை முழுவதையும் இழந்தவர்.

முதலாவது எழுத்ததிகாரம். தளம் என்பது அடிப்படையில் ஒரே ஒரு கோப்பு; நோட்பேடில் அடிக்கலாம், வேறு மென்பொருள் வேண்டியதில்லை. சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்னும் குறியேற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய விண்டோஸில் ஆன்சி என்று சேமித்தால் கண்மாய்கள் அனைத்தும் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்பைத் திரும்பத் திறந்தாலும் மீளாது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். 'தமிழ்' என்பது ஆசிரியருக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு 5 குறியீடு. சேமிப்பில் 15 பைட். இதுவரை தரவாளர் பொறுத்துக்கொண்டார். ழகரத்துக்கு வந்தபோதுதான் பிரச்சினை வெடித்தது. யூனிகோடு அகரமேறிய ழகரத்தையே அடிப்படையாக வைத்து, மெய் வேண்டுமென்றால் புள்ளியைத் தனியாக ஒட்டுகிறது. ஆகவே 'ழ' 3 பைட், 'ழ்' 6 பைட்.

"ஒத்தெழுத்துக்கு அரை மாத்திரைடா மாப்ளே! உயிர்மெய்க்கு ஒண்ணு. அரைக்கு ஆறு, ஒண்ணுக்கு மூணா? எவன் போட்ட கணக்கு இது?"

இந்தக் கோபம் அவருக்கு மட்டும் உரியதன்று. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கேட்டு டேஸ்-16 என்ற குறியேற்றத்தையே வகுத்தோர் உண்டு. எனினும் உலாவிகள் யூனிகோடு பக்கமே நின்றுவிட்டதால், தொடக்கநிலையாளர் தொல்காப்பியரிடம் மனத்துள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்துவிடுவது நலம்.

கோப்பின் பெயர் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்றிருக்க வேண்டும்; வாசலில் வந்து நிற்பவருக்கு சர்வர் முதலில் எடுத்துக் கொடுப்பது அந்தப் பெயருள்ள கோப்பைத்தான். நோட்பேடு தன் பங்குக்கு வாலில் .டிஎக்ஸ்டி என்று சேர்த்துவிடும். விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும். கோப்பு வகை வாலைக் காட்டு என்று அமைப்பில் சொன்னாலொழிய இது பிடிபடாது. அடுத்த இடி, ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. வீட்டு விண்டோஸுக்கு அந்தப் பேதம் கிடையாது. லினக்ஸ் சர்வருக்கு உண்டு. கேமரா 'ஜேபிஜி' என்று பெரிய எழுத்தில் வைத்த படத்தைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறித்திருந்தால், வீட்டில் தெரியும் கலுங்கு சர்வரில் காணாமல் போய் 404 வரும். பெரிய எழுத்தே இல்லாத மொழியைச் சேர்ந்தவர்க்கு இது வீண் தண்டனை. கோப்புப் பெயர் அனைத்தும் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல், என்று விதி செய்துகொண்டால் தீர்ந்தது.

சொல்லதிகாரத்தில் கற்க வேண்டியது அதிகமில்லை. தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. எல்லாம் கோண அடைப்புக்குள். இந்த நான்கை வைத்துக்கொண்டு ஒரு தாலுகாவின் கண்மாய் அத்தனையையும் ஏற்றலாம். விரித்துரைக்கத் தக்கது 'ஹெட்' எனும் பகுதி. அது திரையில் தெரியாது. ஆனால் நூலுக்கு முன்னே நின்று நூலைப் பற்றிச் சொல்லும், அதாவது சிறப்புப்பாயிரம். பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்பது பவணந்தியார் கட்சி. உலாவிகளும் ஏறத்தாழ அக்கட்சியே. நூற்பெயர் 'டைட்டில்' வரியில் வரும். யாப்பு, குறியேற்றத்தைச் சொல்லும் வரி. எல்லை, அதாவது எந்த மொழி வழங்கும் நிலம் என்பது, ஒரு வரி மேலேயே 'லாங்' என்ற குறிப்பில் 'டிஏ' என வரும். திரைவாசிப்பான்கள் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலெடுக்கும். கேட்போர் யார் என்பதற்கு 'வியூபோர்ட்' வரி. அதை விட்டுவிட்டால் கைப்பேசி உலாவி தன்னை 980 பிக்சல் அகலமுள்ள மேசைக்கணினியாகக் கருதிக்கொள்ளும். எழுத்தெல்லாம் எறும்பாகச் சுருங்கும். வாசகர் இரண்டு விரலால் பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்கிறார் என்றால், அங்கே பாயிரத்தில் ஒரு வரி குறைகிறது என்று உணர்க.

தோற்றத்தைக் கவனிப்பது சிஎஸ்எஸ். முல்லைப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்து வேறெங்கோ கிடக்கும் சொல்லோடு கூட்டிப் பொருள் கொண்டவர்; அதற்காக மறைமலையடிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். சிஎஸ்எஸ் செய்வதும் அதுவே. கோப்பில் கடைசியாக உள்ளது திரையில் முதலாவதாக நிற்கும், இடப்பக்கத்துப் படம் வலப்பக்கம் போகும், மூலபாடத்தில் ஓர் எழுத்தும் மாறியிராது. தொடக்கநிலையாளர்க்கு இந்த வித்தை வேண்டா. எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டி, கொம்பும் கொக்கியும் மேல்வரியோடு இடிக்காதபடி வரியிடைவெளியை ஒன்றரை மடங்குக்கு மேல் வைத்தால் போதும். நம் சொற்கள் நீளமானவை. கைப்பேசியின் ஒடுங்கிய திரையில் ஓரம் தாண்டி ஓடும். மடக்கி எழுது என்று ஒரு வரி சேர்ப்பது தகும். அதற்குமேல் நிறத்தில் கழிக்கும் நேரம் அனைத்தும் எழுதாமல் இருக்கக் கண்டுபிடித்த நேரம் என்பது எம் துணிபு.

பெயர் வாங்குவது தனிப் படலம். தரவாளர் தம் புனைபெயரையும் இரண்டு பட்டங்களையும் ஊர்ப்பெயரையும் சேர்த்து ஒரே முகவரியாகக் கேட்டார். புள்ளிக்கு முன் ஒரு பகுதி 63 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகப் பொது விதி.

"பட்டத்த விட்ருங்க மாமா. போன்ல சொன்னா எதிராளி ஒரே தடவைல எழுதிக்கணும்."

"கஷ்டப்பட்டு வாங்குன பட்டம்டா."

.இந்தியா என்ற தமிழ் முடிவே கிடைக்கிறது என்று தெரிந்ததும் தரவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிடைப்பது உண்மை. ஆனால் உள்ளே அது பியூனிகோடு என்னும் முறையில் ஆங்கில எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது. சில இடங்களில் ஒட்டும்போது எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கி ஒரு மந்திரம்போல் விழும். இறுதியில் .இன் என்று முடிந்தது, பட்டம் ஒன்றுகூட இல்லாமல். பதிவாளர் நிறுவனங்கள் முதலாண்டு விலையைக் கொட்டை எழுத்திலும், அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பு விலையைப் பொடி எழுத்திலும் அச்சிடுவது வழக்கம். பொடி எழுத்தே மூலபாடம், மற்றது இடைச்செருகல். தொடர்பு விவரத்தை மறைக்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்க. இல்லையேல், "சார், உங்களுக்கு வெப்சைட் டிசைன் பண்ணித் தரோம்" என்று மறுநாளே தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும்.

இடம் வேண்டுமே? வீட்டிலுள்ள பழைய கணினியையே சர்வராக்கலாம் என்பாரும் உளர். பெர்னர்ஸ்-லீ அப்படித்தான் தம் நெக்ஸ்ட் கணினியைச் சர்வராக்கி, இதை அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். தரவாளர் வீட்டு அத்தை, இரவு படுக்கப் போகுமுன் பிரிஜ் தவிர எல்லாச் சுவிட்சையும் அணைப்பவர், சீட்டுகளை மதிப்பவரல்லர். ஆகவே அக்கட்சி விடப்பட்டது. மாறாத கோப்புகள் மட்டும் கொண்ட சிறு தளத்துக்குக் காசு கொடுத்து இடம் பிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ், நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் எல்லாம் இலவசமாகவே இடம் தருகின்றன. கிட்ஹப்பில் ஒரு தளம் 1 ஜிபி வரை இருக்கலாம். கண்மாய்ப் படங்களைச் சுருக்கிப் போட்டால் அதில் ஒரு மூலைகூட நிரம்பாது. நெட்லிஃபையில் கணக்குத் தொடங்கி, கோப்புறையை அப்படியே உலாவிக்குள் இழுத்துப் போட்டாலே தளம் எழும்பிவிடும்.

வாங்கிய பெயரை இந்த இடத்தோடு சேர்க்க, பதிவாளரின் பக்கத்தில் டிஎன்எஸ் குறிப்புகளை மாற்ற வேண்டும். பழைய குறிப்பை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் சர்வர்கள் அதை மறக்கும்வரை காத்திருக்க வேண்டும்; சில நிமிடமும் ஆகலாம், 48 மணி நேரமும் ஆகலாம். திணை முல்லை, உரிப்பொருள் இருத்தல். பூட்டுப் படத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. 90 நாள் செல்லும், நல்ல இடமாக இருந்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

பொருளதிகாரத்தில் தரவாளர் திணறினார். வரவேற்புரை எழுதத் தொடங்கி, நீரின் பெருமை, சங்க காலம், சோழர் காலம் என்று போய்ச் சொந்தக் கண்மாய்க்கு வருமுன் விடுமுறை முடிய இரண்டே நாள் இருந்தது. துணைத் தரவாளர் அவருக்குத் தெரியாமல் அத்தனையையும் வேறொரு கோப்புக்கு மாற்றிவிட்டு, நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் அப்படியே அடித்து ஏற்றினார். ஊர்க் கண்மாய்: மேல மடை, கீழ மடை, கலுங்கு தெற்கே, கழுத்தளவு தண்ணீர் நின்றால் கலுங்கு வழியும், முதல் தண்ணீர் கீழ மடைக்கு. நாலைந்து வரி. அவ்வளவே. தரவாளர் மூன்று நாள் பேசவில்லை.

பிறகு நெடுங்காலம் ஒன்றும் நடக்கவில்லை. சிக்கல் முறைப்படி தோன்றிவிட்டது. வந்து போனவர் கணக்கைப் பகுத்தாராய்ந்ததில் அவர்கள் நால்வகையினர்: தரவாளர், கைப்பேசி வழியாக அதே தரவாளர், அவர் காட்டச் சொல்லி நின்ற பக்கத்து வீட்டுக்காரர், கூகுளின் தேடுபொறி. இந்நிலையில் பெரும்பாலான தளங்கள் பெயரைப் புதுப்பிக்காமல் இறக்கும். .காம் போன்ற பெயர்களுக்கு அச்சாவு நிதானமானது: கெடு முடிந்தபின் 45 நாள்வரை சலுகை தரப்படலாம், பின் 30 நாள் மீட்புக் காலம், கூடுதல் கட்டணத்துடன், பின் 5 நாள் யாரும் தொட முடியாது, அதன்பின் யாரும் வாங்கலாம். நல்ல பெயராக இருந்தால் சூதாட்டத் தளக்காரர் வாங்குவார்.

ஆனால் தரவாளரின் தளம் சாகவில்லை. ஒருநாள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: ஐயா, தங்கள் குறிப்பு தவறு, முதல் தண்ணீர் மேல மடைக்கே, என் தாத்தா சொல்லியிருக்கிறார். தமிழ்ப் புலமை வரலாறு இத்தகைய கடிதங்களால் ஆனது. பிறர் நூற்குற்றம் காட்டலும் தன் கோள் நிறுவலும் இல்லாவிட்டால் நம் உரையாசிரியர்கள் பலர் இரண்டாம் பக்கமே எழுதியிருக்க மாட்டார்கள். அன்று இரவே பெங்களூருக்குப் போன் போயிற்று.

"மாப்ளே, தூங்கிட்டியா? ரெண்டாவது பக்கம் எப்படிடா போடறது?"

"என்ன மாமா எழுதப் போறீங்க?"

"அவனுக்கு மறுப்பு. நோட்டுல ஆதாரம் இருக்கு. பேரு மறுப்பு.எச்டிஎம்எல்னு போதுமா?"

"போதும் மாமா. இங்கிலீஷ்ல அடிங்க, எல்லாம் சின்ன எழுத்துல."

"அதெல்லாம் தெரியும். அடுத்தடுத்து வரும், நம்பர் போட்டுக்கலாம்ல?"