அயற்கேசட்டுப் புணரியல்

வீட்டில் டிவிக்கு அடியில் நிலையாக நிற்கும் கன்சோல் நிலைமொழி. கடல் தாண்டி வந்து அதன் வாயில் சொருகப்படும் கேசட் வருமொழி. இரண்டும் இயைந்து திரையில் படம் வருவது புணர்ச்சி. கறுப்புத் திரையே நிற்பது புணராமை. கேசட் என்றதனால் வட்டும் கொள்ளப்படும். இனி இந்த இயலில் சொல்லப்படுவன 1983 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலத்து வழக்குகள்.

அயல் என்பது யாது எனின், விளையாட்டு நிறுவனங்கள் உலகை மூன்று திணையாக வகுத்தன: ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா. இந்த நிலவியலை நம் பள்ளி அட்லஸில் தேடக் கூடாது. நின்டெண்டோவின் என்இஎஸ் கன்சோல், ஐரோப்பாவையும் இரண்டாகக் கிழித்தது. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியா மூன்றும் ஒரு பிரிவு. ஜெர்மனி, பிரான்ஸ் முதலியவை மற்றொரு பிரிவு. ஜெர்மனியில் வாங்கிய கேசட் எல்லை தாண்டி இத்தாலிக்குப் போனால் ஓடாது, ஆஸ்திரேலியாவில் வாங்கியது அங்கே ஓடும். கண்டங்கள் நகர்கின்றன என்று புவியியலார் சொல்வது மெய்தான் போலும்.

அற்றேல், உள்ளூர்க் கடையிலேயே கேசட் கிடைக்க அயற்கேசட்டை அவாவுவது எற்றுக்கு எனின், உள்ளூரில் கிடைப்பது பலபோது வேறு சரக்கு என்க. 1995-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த ‘குரோனோ டிரிக்கர்’ ஐரோப்பியக் கடைக்கு 2009-இல்தான், அதுவும் வேறு கன்சோலுக்கு உரியதாக, வந்து சேர்ந்தது. ‘கான்ட்ரா’வில் துப்பாக்கி ஏந்தி ஓடும் மனிதர்கள் ஐரோப்பாவில் ரோபோக்களாக மாறிவிட்டார்கள், பெயரும் ‘ப்ரோபொடெக்டர்’ ஆயிற்று. ஜெர்மனியின் இளைஞர் பாதுகாப்புத் தணிக்கைக்கு அஞ்சியே இப்படிச் செய்தார்கள். ‘கான்ட்ரா: ஹார்ட் கோர்’ ஜப்பானில் ஓர் உயிருக்கு மூன்று அடி தாங்கும், அமெரிக்காவில் ஒரே அடியில் சாகும். வருமொழியின் மேல் காதல் வருவதற்கு இத்தனை காரணம் போதும்.

புணர்ச்சி இயல்பு, விகாரம் என இருவகை. இயல்புப் புணர்ச்சியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கேம்பாய் எந்த நாட்டுக் கேசட்டையும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டும். நியோ ஜியோ இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே கேசட்டை ஜப்பானியக் கன்சோலில் ஜப்பானிய மொழியிலும் அமெரிக்கக் கன்சோலில் ஆங்கிலத்திலும் பேசவைக்கும். நம்மூரில் 1990களில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்ற நகல் பெட்டிகளும் இவ்வினத்தவை. அவை என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமின் வழிவந்தவை. 60 முனைக் கேசட்டை ஏற்பவை. பூட்டு என்ற ஒன்று அவற்றுள் இல்லை. ஆகவே உலகம் திணை திணையாகப் பூட்டிக் கிடந்த காலத்தில், பூட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் நாம் டாங்கி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். இவற்றுள் கெடுதலை முதலில் எடுத்துக்கொள்கிறோம். வைப்புமுறை பிறழ்ந்ததே எனின், ரசமான சங்கதி அதில்தான் இருக்கிறது என்பது விடை.

சூப்பர் ஃபேமிகாம் 1990-இல் ஜப்பானில் வந்தது. அதுவே 1991-இல் சூப்பர் நின்டெண்டோ ஆக அமெரிக்காவில் வந்தது. உள்ளே உள்ள பூட்டுச் சில்லு ஒன்று, கேசட்டின் முனைகள் ஒன்று, டிவி முறை ஒன்று. பிறகு ஜப்பானியக் கேசட் அமெரிக்கப் பெட்டியில் ஏன் போகவில்லை? டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். சொருகும் வாய்க்குள் இரண்டு பிளாஸ்டிக் முட்டுகள் துருத்திக்கொண்டு நிற்கும். அமெரிக்கக் கேசட்டின் முதுகில் அவற்றுக்கு ஏற்ற பள்ளம் உண்டு. ஜப்பானியக் கேசட்டின் முதுகில் இல்லை, அதனால் அது பாதியில் முட்டி நிற்கும். இரண்டு கண்டங்களின் வணிகத்தையும் பிரித்து வைத்திருந்த பேரரண் அதுவே. நோஸ் பிளையரால் பற்றி முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டக்’ என்று ஒடிந்து கையோடு வரும். மற்றொன்றையும் ஒடித்து, கீழே விழுந்த துணுக்கைக் கன்சோலைக் கவிழ்த்துத் தட்டி எடுத்துவிட்டால் கெடுதல் விகாரம் முற்றிற்று. 1996-இல் வந்த நின்டெண்டோ 64-லும் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதே கதைதான், பள்ளத்தின் இடம் மட்டும் வேறு. ஒரு முறை ஒடிக்கப்பட்ட பூட்டை மறுபடியும் அதே பிளாஸ்டிக்கில் செய்தவர்களின் நம்பிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இது வன்மைக் கெடுதல். நுண்மைக் கெடுதல் என்று ஒன்று உண்டு. அது என்இஎஸ் கன்சோலுக்கு உரியது. அதனுள் ஒரு சில்லு பூட்டாக இருக்கும், கேசட்டுள் அதே குலத்துச் சில்லு சாவியாக இருக்கும். இரண்டும் ஒரே கணக்கை ஒரே தாளத்தில் போட்டு விடையை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். தாளம் தவறினால் பூட்டு கன்சோலை ரீசெட் செய்துவிடும், நொடிக்கு ஒரு தடவை. முகப்பில் சிவப்பு விளக்கு மினுக்கும், திரையும் உடன் மினுக்கும். அமெரிக்காவில் 1983-இல் விளையாட்டுச் சந்தை சரிந்ததைக் கண்டு, உரிமம் இல்லாதவர்களை வெளியே நிறுத்தச் செய்த ஏற்பாடு இது. திணை பிரித்ததெல்லாம் உபரி லாபம். ஃபேமிகாமில் இந்தச் சில்லு கிடையாது. இனி கெடுக்கும் முறை: சில்லின் நான்காம் கால்தான் அது பூட்டா சாவியா என்பதைச் சொல்வது. அந்தக் காலை வெட்டி நிமிர்த்திவிட்டால் கன்சோலில் இருக்கும் பூட்டு தன்னைச் சாவி என்று எண்ணிக்கொள்ளும். சாவியும் சாவியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். ரீசெட் செய்ய ஆள் இல்லை. ஒரு கால் வெட்டுக்கு இத்தனை தத்துவம் பொதிந்த இடம் மின்னணுவியலில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

தோன்றல் என்பது இடையில் ஒன்று வந்து நிற்றல். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 முனை, என்இஎஸ் வாய்க்கு 72. நடுவே ஓர் இணைப்பி வேண்டும். அதை நின்டெண்டோவே செய்து வைத்திருந்தது. ‘ஜைரோமைட்’ போன்ற தொடக்க காலத்து அமெரிக்கக் கேசட்டுகள் சிலவற்றைத் திறந்தால், உள்ளே ஒரு ஜப்பானியப் பலகையும் அதன் தலையில் ஓர் இணைப்பியும் இருக்கும். இதை அறிந்தவர்கள் பழைய சாமான் கடையில் ‘ஜைரோமைட்’டைக் கையில் தூக்கி எடை பார்த்து வாங்கினார்கள், விளையாட அன்று, அறுக்க. ஆயினும் இத்தோன்றலில் ஒரு குறை உண்டு. ‘அகுமாஜோ டென்செட்சு’ என்னும் 1989-ஆம் ஆண்டு ஜப்பானியக் கேசட்டுள் தனியே ஓர் ஒலிச் சில்லு இருந்து மேலும் மூன்று குரல்களைப் பாடும். ஃபேமிகாம் அக்குரல்களைக் கேசட் வழியாகவே வாங்கிக்கொள்ளும். என்இஎஸ்ஸில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. படம் வரும், பாட்டில் பாதி வராது.

ஒரே பெட்டியில் உள்ளூர்க் கேசட்டைப் பின்னாலும் அயற்கேசட்டை முன்னாலும் சொருகி, சாவியை ஒன்றிடமும் விளையாட்டை மற்றொன்றிடமும் வாங்கும் இரட்டைவாய் இணைப்பிகளும் தோன்றலே. பிளேஸ்டேஷனில் பற்றவைக்கும் மாட்சிப் என்னும் சில்லும் அதுவே. விரிப்பின் பெருகும்.

போலி என்பது விகாரத்தில் சேராது, தனியே வைக்கிறோம். பிளேஸ்டேஷன் வட்டின் தொடக்கத் தடத்தில் ஒரு நுண்ணிய நெளிவு உண்டு. அந்நெளிவில் ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று என நான்கெழுத்துக் குறியீடு பொறித்திருப்பர். உள்ளூர் வட்டை வைத்து, மூடி மூடியிருப்பதாகக் கன்சோல் நம்பும்படி அதன் பொத்தானை ஏதாவதொரு குச்சியால் அழுத்தி நிறுத்தி, குறியீட்டைப் படித்து முடித்துச் சுழற்சி வேகம் மாறும் ஓசையைக் காதால் பிடித்து, அந்த நொடியில் வட்டை மாற்றுவர். தொடக்க கால மாடல்களில் பலித்த இதனை முதற்போலி என்பது பொருந்தும்.

திரிதல் இருவகை. செய்திரிதல், தானே திரிதல். பிசி எஞ்சின் என்னும் ஜப்பானியக் கன்சோல் அமெரிக்காவுக்குப் போனபோது, அட்டை வடிவில் இருந்த அதன் கேசட்டின் எட்டுத் தரவுக் கம்பிகளையும் வரிசை மாற்றிக் கோத்தார்கள். திரும்ப மாற்றிக் கோக்கும் இணைப்பியை மற்றவர்கள் செய்தார்கள். இது செய்திரிதல்.

தானே திரிதல் யாரும் பூட்டாத பூட்டு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 புலம், அதாவது 60 தடவை படம், வரையும். ஐரோப்பாவின் பால் (PAL) என்னும் டிவி முறையில் 50. அன்றைய விளையாட்டுகள் பெரும்பாலும் புலத்தை எண்ணியே நகர்ந்தன. 60-க்கு எழுதியதை அப்படியே 50-இல் ஓட்டினால் ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடக்கும். பால் திரையில் கோடுகள் அதிகம் ஆகையால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து படம் நசுங்கும். வேகத்துக்கென்றே பிறந்த ‘சோனிக்’ 1991-இல் ஐரோப்பாவுக்கு இப்படித்தான் வந்தது, பாட்டும் இழுத்துக்கொண்டே வந்தது. முட்டுகளை ஒடித்தவனுக்கு ஒடிக்க ஒரு முட்டாவது இருந்தது. இங்கே உள்ளூர்க் கடையில், உள்ளூர்க் காசுக்கு, முழு விலைக்கு வாங்கிய கேசட்டே திரிந்து கிடந்தது. அதை வாங்கியவன் அதுதான் சரியான வேகம் என்று இருந்தான். இந்த இயலில் சொன்ன பூட்டுகளுள் மிகக் கொடியது இதுவே என்பது நம் துணிபு.

இதற்கு மாற்று, கன்சோலின் முதுகில் துளையிட்டு 50, 60 என்று ஒரு சுவிட்ச் வைப்பது. பிற்காலத்துக் கேசட்டுகள் சில இதையும் முகர்ந்து, தொடக்கத்திலேயே புலத்தை எண்ணிப் பார்த்து, ‘இது உன் நாட்டுக்கு உரியதன்று’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பைக் காட்டி நின்றுவிடும். அவற்றுக்குச் சுவிட்ச் வைத்தவர்கள் சொல்லும் விதி: கேசட்டின் திணைக்கு உரிய எண்ணில் சுவிட்சை வைத்துப் பவர் போடு, சரிபார்ப்புத் தாண்டி நிறுவனப் பெயர் மேலெழும்போது வேண்டிய எண்ணுக்குத் தள்ளு. படம் ஒரு கணம் உருளும், பிறகு நிற்கும்.